தானாக ஏறும் ரத்தம்

நாடியக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவர்களின் கைகள் முதலில் ஒளிந்துகொள்ளும். மச்சினர் மடித்துவிட்ட சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிடுவார். நாத்தனார் இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, "வாங்க அண்ணி, உட்காருங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க, கையை மட்டும் கேட்காதீங்க" என்பாள்.

இத்தனைக்கும் அவள் யாரையும் எதுவும் செய்ததில்லை. பேச்சுவாக்கில் பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்துப் பார்ப்பாள். அவ்வளவுதான். பார்த்துவிட்டு, "அருமையான நாடி. கயிறு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டே ஊசி வைக்கலாம்" என்று மனதாரப் பாராட்டுவாள். பாராட்டு வாங்கியவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். நோயாளிக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலைகளில் ஒன்று. ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த ஒன்றுதான். முழங்கையில் பச்சையாக மேலே தெரிகிறதே, அது சிரை. அதில் ரத்தம் எடுக்க யாருக்கும் வரும். தமனி அப்படியில்லை. மணிக்கட்டின் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல், எலும்பை ஒட்டித் துடித்துக்கொண்டிருக்கும். விரலால் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். நுரையீரல் எவ்வளவு ஆக்சிஜன் ஏற்றி அனுப்பியது என்று தெரிய வேண்டுமானால் அந்தத் தமனியைத்தான் கேட்க வேண்டும். சிரையில் வருவது உடம்பு முழுக்கச் சுற்றிச் செலவழித்துவிட்டு வீடு திரும்பும் ரத்தம். அதன் பையில் மிச்சம் இருப்பதைப் பார்த்து, புறப்படும்போது எவ்வளவு இருந்தது என்று சொல்ல முடியாது.

மற்றவர்கள் தேடித் தேடிக் குத்திய கைகளில் நாடியக்கா ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். வீங்கிய கை, வற்றிய கை, நடுங்குகிற கை, எதுவானாலும் சரி. மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "நாடியக்காவுக்குத் தவறினதே இல்லை" என்று யாராவது சொன்னால், காதில் விழாதது போல மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டு வழக்கத்தைவிட நேர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கும்.

அவள் கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்கு முன் அவள் கடிகாரம் வாங்க அவர் கடைக்குப் போனாள். வினாடி முள் பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து வார் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, அதே கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, "இவ்வளவு வேகமா அடிக்குதே, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டாளாம். "உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க" என்றாராம் அவர். பிழைப்பு இரண்டு பேருக்கும் மணிக்கட்டில்தான். அவருக்கு மேலே, அவளுக்கு உள்ளே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஆராய்ச்சி டாக்டர் வந்து சேர்ந்தார். ஒல்லியான இளைஞர். பெயர் வேறு ஏதோ. ஆனால் வந்த வாரத்திலேயே "இதை ஆராயணும் அக்கா" என்று நான்கைந்து முறை சொன்னதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"அக்கா, உடம்புல அமிலம் ஏறியிருக்கா, கரியமில வாயு தேங்கியிருக்கா, இதுக்காகவும் நாம தமனியிலதான் குத்துறோம். இந்த ரெண்டையும் சிரை ரத்தமே கிட்டத்தட்ட சரியாச் சொல்லிடும்னா, பாவம், ஜனங்களை எதுக்கு அந்தப் பாடு படுத்தணும்?"

"நான் யாரையும் பாடு படுத்தலையே டாக்டர்."

"உங்களைச் சொல்லலைக்கா. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் தமனியில் குத்தும் பொதுமக்கள் அந்தப் பிரிவில் பெரும்பாலும் அவள் ஒருத்திதான்.

ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சம்மதம் சொன்ன நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு ரத்தம்: மணிக்கட்டுத் தமனியில் எடுத்ததற்குச் சிவப்புச் சீட்டு, முழங்கைச் சிரையில் எடுத்ததற்கு நீலச் சீட்டு. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அதே இயந்திரத்துக்குள் போகும். இரண்டு எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று டாக்டர் பார்ப்பார். கூடவே ஒவ்வொரு குத்துக்கும் நோயாளி வலி மார்க் போட வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிற வலி என்றால் பத்து. இரண்டு ரத்தத்தையும் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நாடியக்காவுக்கு. தன் வேலைக்குத் தானே உலை வைக்கிற வேலை.

"என்னங்க, நாளைக்கு ஒருத்தன் வந்து, மணி பார்க்கத்தான் செல்போன் இருக்கே, வாட்ச் எதுக்குன்னு கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார். "நாளைக்கா? அவங்க கேட்க ஆரம்பிச்சு எத்தனையோ வருஷமாச்சு. நீ இப்பத்தான் வந்திருக்கே, வா, உட்காரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரை ஜெயித்துவிட்டால் யார் தன்னைத் தேடுவார்கள்? அதைவிட, வலி மார்க்குகள் அவளைக் கொஞ்சம் உறுத்தின. தன் ஊசி வலிக்காது என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தாள். நோயாளிகளோ அவள் முகத்துக்கு நேரே ஏழு, எட்டு என்று தாராளமாகப் போட்டார்கள்.

பன்னிரண்டு போட்டது தையல்காரர்.

அவர் சன்னல் ஓரக் கட்டிலில் இருந்தார். பல வருஷப் புகையில் நைந்துபோன நுரையீரல். மூச்சு விட முடியாமல் கொண்டுவந்து போட்டு, முகத்தை இறுக்கிப் பிடிக்கும் முகமூடியால் காற்றைத் தள்ளித்தான் அவரைத் தேற்றினார்கள். முகமூடி போட்டால் பேச முடியாது. அவருக்கு நோயைவிடப் பெரிய துன்பம் அதுதான். அதைக் கழற்றி, மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்த நிமிஷத்திலிருந்து விட்டுப்போனதையெல்லாம் வட்டியோடு பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார். பேசுவது வாய் மட்டுமல்ல, கைகளும்தான். விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளக்கும் கிளிப் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை பறந்து போய் விழும். விரல்களும் சில்லிட்டுக் கிடக்கும். அதனால் திரையில் எண் வராது, கோடுதான் வரும்.

பெரிய டாக்டரையே அவர் விடவில்லை. "சார், கோட்டு தோள்ல ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. யாரு தைச்சது? அவனைக் கொண்டாந்து பக்கத்துக் கட்டில்ல போடுங்க, நான் பேசிக்கிறேன்."

பெரிய டாக்டர் தன் தோளைத் தடவிக்கொண்டே போனார். ரத்தம் எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் இவரை இன்று சாதாரண வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரரின் மனைவி வெளியே துணிமணிப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

நாடியக்கா தட்டோடு வந்தாள்.

"வாம்மா. நானும் ஊசிக்காரன், நீயும் ஊசிக்காரி. ஆனா நான் துணியைத்தான் குத்துவேன்."

"துணி சம்மதம் சொல்லுதா ஐயா? நீங்க சொல்லியிருக்கீங்க. கையைக் கொடுங்க."

மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தாள். விரலால் தேடினாள். நாடி கிடைத்தது. துடைத்தாள். ஊசியைச் சாய்த்து வைத்த அதே நொடியில் அவர் சொன்னார்:

"ஏம்மா, உன் சட்டையில இடது கை ஏத்தம், வலது கை இறக்கம். கவனிச்சியா?"

அவள் கவனித்தாள். ஒரே நொடிதான். கண் இடது கைக்குப் போய், வலது கைக்குப் போய், திரும்பி வந்தது. பீச்சாங்குழலில் ரத்தம் இருந்தது. கொஞ்சம் கருப்பாக இருந்தது. இந்த நுரையீரலுக்கு வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து முழங்கையில் நீலச் சீட்டு ரத்தத்தையும் எடுத்தாள்.

"மார்க் ஐயா?"

"முழங்கைக்கு ரெண்டு. மணிக்கட்டுக்குப் பன்னெண்டு."

"பத்துக்குத்தான் ஐயா மார்க்கே."

"உனக்குப் பத்து பத்தாதும்மா."

கடுகடுப்போடு அவள் இரண்டையும் இயந்திரத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். சற்று நேரத்தில் ஆராய்ச்சி டாக்டர் இரண்டு காகிதச் சுருளோடு ஏறக்குறைய ஓடி வந்தார்.

"அக்கா! பாருங்க! அமிலம் ஒட்டுது. கரியமில வாயு ஒட்டுது. இது வரைக்கும் எந்த ஜோடியும் இப்படி ஒட்டினதில்லை. இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு!"

சிரை ஜெயித்துவிட்டது என்று நாடியக்கா நினைத்துக்கொண்டாள். டாக்டரின் விரல் காகிதத்தில் கீழே இறங்கியது. ஆக்சிஜன் வரியில் நின்றது. அவர் முகம் மாறியது.

"ஆக்சிஜனும் ஒட்டுதே" என்றார் மெதுவாக. "ரெண்டுமே முப்பத்தெட்டு."

தமனியில் அறுபதுக்குக் குறைந்தாலே பதற வேண்டிய எண். சிரையில் என்றால் முப்பத்தெட்டு சாதாரணம். தமனியில் முப்பத்தெட்டு என்றால் இந்த மனிதர் இப்போது கோட்டுத் தோளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் பேசிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டில்காரரின் போர்வையில் ஓரம் அடித்த விதம் சரியில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். கிளிப் தரையில் கிடந்தது.

டாக்டர் பெரிய டாக்டரைப் போனில் பிடித்தார். எண்களைச் சொன்னார். "ஆள் நல்லா பேசறார் சார். ஒருவேளை சிரையில பட்டிருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

போனில் பெரிய டாக்டரின் குரல் நாடியக்காவுக்கும் கேட்டது. "யாரு எடுத்தது?"

"நாடியக்கா சார்."

"அப்போ சந்தேகமே வேண்டாம். அவங்களுக்குத் தவறாது. இந்த மாதிரி ஆளுங்க பேசிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு கவுந்துடுவாங்க. காத்திருக்காதீங்க. முகமூடியைத் திரும்பப் போடுங்க. தொண்டையில குழாய் இறக்க எல்லாத்தையும் தயார் பண்ணி வைங்க, நான் வர்றேன்."

இத்தனை காலம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நல்ல பெயர், இப்போது ஒரு நல்ல மனிதனின் தொண்டைக்குள் குழாயோடு போகப் பார்த்தது.

முகமூடியைப் பார்த்ததும் தையல்காரரின் இரண்டு கைகளும் வாயை மூடிக்கொண்டன. "வேண்டாம். நான் நல்லாத்தானே இருக்கேன்? வார்டுக்குன்னு சொன்னீங்களே!"

நாடியக்கா தன் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலைப் பார்த்தாள். தமனி ரத்தத்தை யாரும் கூப்பிட வேண்டாம். துடிப்பின் வேகத்தில் அது தானாகவே பீச்சாங்குழலுக்குள் ஏறி வரும். சிரை ரத்தம் அப்படியில்லை. அதை இழுத்தால்தான் வரும். சற்று முன் அவள் கண் சட்டைக் கைகளை அளந்துகொண்டிருந்தபோது, இந்தக் கட்டைவிரல் யாரையும் கேட்காமல் லேசாக இழுத்திருக்கிறது. தமனியை ஒட்டியே மெல்லிய சிரைகளும் ஓடுகின்றன. மயிரிழை விலகினால் போதும். கட்டைவிரலுக்குத் தெரியும். கருப்பு நிறத்தைப் பார்த்த கண்ணுக்கும் தெரியும். 'நாடியக்காவுக்குத் தவறாது' என்று நம்பியவர்களில் முதல் ஆள் அவளேதான்.

"டாக்டர், அந்தச் சிவப்புச் சீட்டு தப்பு" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அடுத்த கட்டிலில் மருந்து மாற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "ரெண்டுமே சிரைதான். எனக்குத் தவறிப்போச்சு. முகமூடி போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எடுத்துடறேன்."

ஆராய்ச்சி டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததுதான் அவரைப் பற்றி அவள் பின்னால் நல்லவிதமாகப் பேசக் காரணமாயிற்று: ஒன்றுமே கேட்காமல் புதுப் பீச்சாங்குழலைப் பிரித்துக் கொடுத்தார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

"மாட்டேன்" என்றார் தையல்காரர். இரண்டு கைகளும் இப்போது போர்வைக்குள்.

"ஐயா, முன்னாடி குத்தினது தப்பான இடம்."

"தப்பான இடத்துக்கே பன்னெண்டு மார்க். சரியான இடத்துல குத்தினா நான் எங்க போய் மார்க் தேடுவேன்?"

"ஐயா, இதைப் பார்க்கலைன்னா முகமூடி. அப்புறம் குழாய். குழாய் போட்டா ஒரு வார்த்தை பேச முடியாது."

அவர் யோசித்தார். போர்வைக்குள்ளிருந்து ஒரு மணிக்கட்டு மெதுவாக வெளியே வந்தது. முன்பு குத்தியது அல்ல, மற்றது.

"ஆனா ஒண்ணு" என்றாள் நாடியக்கா. "நான் எடுத்து முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. என் சட்டையைப் பத்தியோ, யாரு சட்டையைப் பத்தியோ."

"அதுக்கு முகமூடியே தேவலாம்" என்று முணுமுணுத்துவிட்டு, உதடுகளை மடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பிரிவே வினோதமாக அமைதியானது. இயந்திரங்கள் 'பீப்' அடிப்பது இத்தனை நாள் கழித்து இப்போதுதான் கேட்டது போல இருந்தது. நாடியக்கா விரலை வைத்தாள். நாடி மெலிதாக ஓடியது. ஊசியைச் சாய்த்தாள்.

"ஐயோ!"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரரின் மனைவி உள்ளே வந்துவிட்டார். பையும் கூடவே வந்தது. "ஏன் பேச மாட்டேங்கிறார்? கையெல்லாம் அப்படியே கிடக்கே! என்னங்க! கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் வாயை மூடிப் பார்த்ததில்லையே! யாராவது சொல்லுங்களேன், என்ன ஆச்சு?"

நாடியக்கா திரும்பவில்லை. ஆராய்ச்சி டாக்டர் அந்த அம்மாவின் பக்கம் ஓடி, உதட்டில் விரலை வைத்து, பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, ஏதேதோ சைகை காட்டினார். தையல்காரர் கண்ணை மூடியபடியே, மற்றக் கையால் மனைவிக்கு 'சும்மா இரு' என்று ஆட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது.

பீச்சாங்குழலில் ஒரு பொட்டு தெரிந்தது. பிறகு ரத்தம் எழுந்தது. யாரும் இழுக்கவில்லை. துடிப்புக்குத் துடிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக, பளிச்சென்ற சிவப்பில், தானாக ஏறியது. நாடியக்காவின் கட்டைவிரல் காற்றில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "இப்ப பேசலாம் ஐயா" என்றாள்.

"பதினொண்ணு" என்றார் அவர்.

ஆக்சிஜன் எழுபத்திரண்டு. அவருக்கு அது தாராளம். பெரிய டாக்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, முகமூடி பெட்டிக்குள் போய்விட்டிருந்தது; தையல்காரர் தன் மனைவியிடம், அந்த அம்மா கட்டிய பையின் முடிச்சு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளை" என்றார் பெரிய டாக்டர். நாடியக்காவைப் பார்த்து, "உங்களுக்கா தவறிச்சு?" என்றார், இயந்திரம் பொய் சொன்னது என்றால்கூட நம்பியிருப்பார் போல.

"தவறிச்சு சார்."

ஆராய்ச்சி டாக்டர் முதல் ஜோடியின் காகிதச் சுருள்களைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடப்பட்டார். "அக்கா, இந்த ஜோடியைக் கணக்குலேருந்து எடுத்துடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எதுக்கு எடுக்கணும்? தமனின்னு நினைச்சுக் குத்தி, தவறினதும் உங்க ஆராய்ச்சியில வரணும் இல்ல? என் பேர்ல ஒரு தப்புன்னு போடுங்க."

சொல்லிவிட்டு மருந்துத் தட்டை அடுக்கப் போனாள். அன்றைக்கு அது கோணல்மாணலாகத்தான் வந்தது.

ஆராய்ச்சி முடிந்தபோது டாக்டர் சொன்னது பாதிதான் சரியாயிற்று. அமிலத்தைப் பார்க்கவும், கரியமில வாயு தேங்குகிறதா என்று ஓரளவு கணிக்கவும் அவர்கள் பிரிவில் சிரை ரத்தம் போதும் என்றானது. ஆக்சிஜன்தான் கேள்வி, கிளிப்பும் ஒத்துழைக்கவில்லை என்றால் மட்டும் தமனி. நாடியக்காவைத் தேடி வரும் அழைப்புகள் குறைந்தன. வந்தவை எல்லாம் உண்மையிலேயே அவசரமானவை. ஊசி வைத்தவுடன் "தானா ஏறுதா?" என்று அவள் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வாள். புதிதாக வந்த செவிலியர்கள் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, அவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

கணவரிடம் விவரம் சொன்னாள். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என் கடைக்கும் அப்படித்தான். மணி பார்க்க யாரும் வர்றதில்லை. ரொம்பப் பிடிச்ச வாட்ச் நின்னு போனவங்கதான் வர்றாங்க." பிறகு, கேட்காமலே தன் மணிக்கட்டை நீட்டினார்.

சில வாரம் கழித்து அவள் தன் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தையல்காரரின் கடைக்குப் போனாள். அவர் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரரோடு தெருவுக்குக் குறுக்கே பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கை வேண்டாம் ஐயா. சட்டைக் கைதான். வலது இறக்கமா இருக்குன்னீங்களே."

அவருக்கு முகம் மலர்ந்தது. அவளை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, வலது கையின் துணியை மடித்தார். "இப்ப நீ பேசாம நிக்கணும். அசையக் கூடாது. என் குண்டூசி இது வரைக்கும் யாரையும் குத்தினதில்லை, தெரியுமா?"

பல்லிடுக்கில் குண்டூசிகளோடு அந்தப் பெருமை வந்த விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது.

"ஆ!"

மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு முத்து. தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளையெல்லாம் எடுத்துவிட்டு, வெலவெலத்துப்போய் அதைப் பார்த்தார்.

"இது எதும்மா? சிரையா, தமனியா?"

"ரெண்டும் இல்லை ஐயா. தோலுக்கடியில இருக்கற மெல்லிசு நாளம்" என்று நாடியக்கா அதைத் துடைத்துக்கொண்டாள். "ஆராய்ச்சி டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இதையும் சேர்த்து மூணா ஒப்பிடணும்னு வந்து நிப்பாரு."